அட்டவணையா, கணிப்பானா, ஸ்கேனா? மாரடைப்பு, பக்கவாத அபாயத்தை அளக்கும் வழிகளின் ஒப்பீடு

ஐம்பதை நெருங்குபவர்கள் இப்போதெல்லாம் இரண்டு மூன்று தாள்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் கிளினிக்குக்கு வருகிறார்கள். ஒரு கணிப்பானில் பத்தாண்டு அபாயம் 4 சதவீதம் என்று வந்திருக்கும். இலண்டனில் இருக்கும் அண்ணன் அதே அளவுகளைத் தம் நாட்டுக் கணிப்பானில் இட்டுப் பார்த்து 9 என்று அனுப்பியிருப்பார். மாஸ்டர் செக்கப்பில் டிரெட்மில் சோதனை 'நெகட்டிவ்' என்று முடிந்திருக்கும். இன்னும் சில ஆயிரம் ரூபாய் கட்டினால் இதயக் கால்சியம் ஸ்கேன் எடுத்துச் சந்தேகத்தையே தீர்த்துவிடலாம் என்றும் அங்கே சொல்லியிருப்பார்கள். இவற்றில் எதை நம்புவது, எதற்குச் செலவழிப்பது, எதை விட்டுவிடுவது என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

நெல்லைப் படியால் அளந்தவரும் தராசில் நிறுத்தவரும் வெவ்வேறு எண்ணைச் சொன்னால், இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடாது. மேற்சொன்ன வழிகளும் அப்படித்தான்: ஒவ்வொன்றும் வேறொரு மக்கள் கூட்டத்துக்காக, வேறொரு கேள்விக்காக உருவானவை.

## ஒப்பிடுவதற்கு முன் உரைகல்கள்

முதலில் எண்ணின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பத்தாண்டு அபாயம் 12 சதவீதம் என்றால், அதே வயதும் அதே அளவுகளும் கொண்ட நூறு பேரில் ஏறத்தாழ 12 பேருக்குப் பத்தாண்டுகளுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வரும் என்பது பொருள். அந்த 12 பேரில் நீங்களும் ஒருவரா என்பதை எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது. ஆயினும் சிகிச்சையின் பயனை அளக்க இந்த எண் வேண்டும். எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ராலை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 39 மில்லிகிராம் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை, பெரிய இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகளை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைக்கிறது. அபாயம் 20 சதவீதம் உள்ள நூறு பேர் பத்தாண்டு மாத்திரை எடுத்தால் நான்கு பேர் தப்புகிறார்கள். 4 சதவீதம் உள்ள நூறு பேரில் ஒருவர்கூட முழுதாகத் தப்புவதில்லை. மாத்திரை ஒன்றே, அதன் மதிப்பு மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

ஆகவே எந்த வழியையும் நான்கு கேள்விகளால் உரசிப் பார்க்கலாம். எந்த மக்களை ஆராய்ந்து அது உருவாக்கப்பட்டது, நமக்கு ஏற்பத் திருத்தப்பட்டிருக்கிறதா? எதைக் கணிக்கிறது: மாரடைப்பை மட்டுமா, பக்கவாதத்தையும் சேர்த்தா? அதற்கு வேண்டிய தகவல்களை நமது கிளினிக்கில் திரட்ட முடியுமா? நான்காவது கேள்வி எல்லாவற்றிலும் முக்கியமானது, ஆனால் அதிகம் கேட்கப்படாதது: விடை எதுவாக வந்தாலும் அடுத்துச் செய்யப்போவது ஒன்றேயானால், அந்தச் சோதனை எதற்கு?

இந்த நான்காவது கேள்வியே சிலரை ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடுகிறது. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்கள், எல்டிஎல் 190-க்கு மேல் உள்ளவர்கள், சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு எந்தக் கணிப்பானும் தேவையில்லை. அவர்கள் உயர் அபாயத்தினரே, சிகிச்சை தொடங்க வேண்டியவர்களே. நெஞ்சு வலியோடோ கோணிய வாயோடோ இருப்பவருக்கு வேண்டியது மதிப்பீடு அல்ல, 108.

## உலக சுகாதார நிறுவனத்தின் வண்ண அட்டவணை

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் திருத்தி வெளியிட்ட அட்டவணைகள் 85 ஆய்வுக் குழுக்களைச் சேர்ந்த 3,76,177 பேரின் தரவிலிருந்து உருவாகி, உலகின் 21 வட்டாரங்களுக்கு ஏற்பத் தனித்தனியாகத் திருத்தப்பட்டவை. 40 முதல் 74 வயது வரையுள்ளோருக்கு, உயிர்போகும் நிகழ்வுகளையும் உயிர்தப்பும் நிகழ்வுகளையும், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் சேர்த்துக் கணிக்கின்றன. 5 சதவீதத்துக்குக் கீழே பச்சை, அதற்கு மேல் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, 30-க்கு மேல் கருஞ்சிவப்பு என்று கட்டங்கள் ஏறிக்கொண்டே போகும்.

இந்த வட்டாரப் பிரிவில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. இந்தியா தெற்காசிய வட்டாரத்தில் வருகிறது. இலங்கையும் மலேசியாவும் தென்கிழக்காசிய வட்டாரத்தில் வருகின்றன. சிங்கப்பூரோ ஜப்பானோடும் தென்கொரியாவோடும் சேர்கிறது. நாகப்பட்டினத்துக்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் ஒரே வயது, ஒரே இரத்த அழுத்தம், ஒரே புகைப்பழக்கத்தோடு இருந்தாலும் அவர்கள் பார்க்க வேண்டிய தாள் ஒன்றல்ல. இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு வட்டாரத்தின் தாளை அச்சிட்டுச் சுவரில் ஒட்டிவைப்பதால் வரும் பிழை சிறியதன்று.

அட்டவணையில் இரண்டு வகை உண்டு. முதல் வகைக்கு இரத்தப் பரிசோதனையே வேண்டாம்: வயது, பாலினம், புகைப்பழக்கம், மேல் இரத்த அழுத்தம், உயரமும் எடையும் போதும். ஒரு செவிலியர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்பதால் கிராமத்து முகாமுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. இரண்டாம் வகை உடல் எடைக்குப் பதிலாக மொத்தக் கொலஸ்ட்ராலையும் சர்க்கரை நோய் உண்டா இல்லையா என்பதையும் கேட்கிறது.

முதல் வகையின் பெருங்குறை இங்கேதான் வெளிப்படுகிறது: அது சர்க்கரை நோயைக் கணக்கில் கொள்வதில்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இந்தியாப்' ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதாவது வயதுவந்தோரில் 11.4 சதவீதம். இப்படிப்பட்ட நாட்டில் சர்க்கரையைக் கேட்காத அட்டவணையைக் கடைசிச் சொல்லாகக் கொள்ள முடியாது. சர்க்கரை நோயாளிக்கு இரண்டாம் வகைதான். அதிலும் ஒரு சிறு கண்ணி உண்டு. நமது பரிசோதனைக் கூடங்கள் கொலஸ்ட்ராலை மில்லிகிராமில் தருகின்றன, அட்டவணை மில்லிமோலில் கேட்கிறது. ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை ஏறத்தாழ 38.7-ஆல் வகுக்க வேண்டும். 200 என்பது 5.2 ஆகும்.

பணச்செலவு இல்லாத இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு, இரத்த அழுத்தத்தைச் சரியாக அளப்பதற்கான நேரம். அட்டவணையின் வரிசைகள் 120, 140, 160, 180 என்று பிரிகின்றன. ஆகவே 138 உள்ளவரும் 142 உள்ளவரும் வேறு வேறு வரிசையில் விழுவார்கள். மாடிப்படி ஏறி வந்தவரை உட்கார வைத்த மறுநொடியே, சட்டைக் கையின் மேலேயே பட்டியைச் சுற்றி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளந்தால், அந்த 138 எளிதாக 150 ஆகிவிடும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, முதுகும் முழங்கையும் தாங்கலில் இருக்க, பாதங்கள் தரையில் பதிந்திருக்க, கைக்குப் பொருந்தும் பட்டியால் இரண்டு முறை அளந்த பிறகே தாளைப் பார்க்க வேண்டும். விலையுயர்ந்த ஸ்கேனுக்கு நாள் குறிப்பவர்கள் இந்த ஐந்து நிமிடத்தைத் தர மறுப்பதை என்னால் இன்றும் புரிந்துகொள்ள முடியவில்லை.

அட்டவணை கேளாமல் விடுபவையும் உண்டு. பீடியும் சிகரெட்டும் கணக்கில் வரும், வெற்றிலையோடு மெல்லும் புகையிலை வராது. தந்தைக்கு நாற்பத்தெட்டில் மாரடைப்பு வந்தது வராது. கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறியதும் சர்க்கரை வந்ததும் பெண்களுக்குப் பிற்காலத்தில் அபாயத்தைக் கூட்டும், அவையும் வராது. இவற்றுள் ஏதேனும் இருந்தால், காட்டும் வண்ணத்தைவிட ஒரு படி மேலே வைத்து யோசிப்பதே என் வழக்கம்.

30 வயதைக் கடந்தோரிடம் களப்பணியாளர்கள் நிரப்பும் அரசுப் படிவத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, புகையிலை, மது, குடும்ப வரலாறு ஆகியவற்றுக்கு மதிப்பெண் தரும் அந்தப் படிவத்தில் 4-க்கு மேல் பெற்றவரை முன்னுரிமையோடு பரிசோதனைக்கு அழைக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. அது அபாய சதவீதம் அன்று. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இரத்த அழுத்தப் பரிசோதனையையும் சர்க்கரைப் பரிசோதனையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்திருப்பதால், வண்ண அட்டவணைக்கு வேண்டிய தகவலில் பெரும்பகுதி பலரிடம் இப்போதே இருக்கிறது.

## பிரிட்டனின் கியூரிஸ்க் 3

2017-இல் வெளியான இது, இங்கிலாந்தின் குடும்ப மருத்துவப் பதிவேடுகளிலிருந்து ஏறத்தாழ 79 இலட்சம் பேரின் தரவைக் கொண்டு உருவானது. 25 முதல் 84 வயது வரை பொருந்தும். அறுபதுக்கு முன் இதய நோய் வந்த நெருங்கிய உறவு, சிறுநீரகக் குறைபாடு, மூட்டு முடக்குவாதம், ஒற்றைத் தலைவலி, ஸ்டீராய்டு மாத்திரை, தீவிர மனநோய், இரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் என்று மற்றக் கணிப்பான்கள் பெரும்பாலும் கேட்காதவற்றை எல்லாம் கேட்கிறது. இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் என்று தனித்தனி வகைகள் வைத்திருப்பது இதன் தனிச்சிறப்பு; இலங்கைத் தமிழர் 'பிற ஆசியர்' என்பதில் அடங்குவர்.

பிரிட்டனில் வாழும் தமிழருக்கு இதுவே சரியான தேர்வு என்பதில் ஐயமில்லை. அங்கே 40 முதல் 74 வயது வரையுள்ளோருக்கான அரசு உடல்நலப் பரிசோதனையும் இதையே நம்பியிருக்கிறது. 10 சதவீதத்தை எட்டினால் ஸ்டாடினைப் பற்றிப் பேச வேண்டும் என்பது வழிகாட்டுதல். 10-க்குக் கீழே இருந்தாலும், விவரம் அறிந்து மாத்திரையை விரும்புபவருக்கு எண்ணைக் காரணம் காட்டி மறுக்க வேண்டாம் என்று 2023-இல் சேர்த்தார்கள்.

சென்னையில் இருந்துகொண்டு இதைப் பயன்படுத்தும்போதுதான் சிக்கல். வசிப்பிடத்தின் வறுமை நிலையை அது பிரிட்டனின் அஞ்சல் குறியீட்டைக் கொண்டு அறிகிறது. குறியீட்டை விட்டுவிட்டால் சராசரியாக வைத்துக்கொள்கிறது. அதன் 'இந்தியர்' என்பவர் இங்கிலாந்தில் வாழ்ந்து, அங்கே சிகிச்சை பெறும் இந்தியர். எனவே இங்குள்ளவருக்கு அந்தச் சதவீதம் உறுதியானதன்று. அது கேட்கும் கேள்விகளின் பட்டியலை மட்டும் நாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். முடக்குவாதத்துக்குப் பல ஆண்டுகளாக ஸ்டீராய்டு எடுப்பவரின் இதயத்தை நினைவூட்ட அதைவிட நல்ல பட்டியல் இல்லை.

## அமெரிக்கக் கணிப்பான்கள்

இந்தத் துறையின் தாய்வீடு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிராமிங்ஹாம் என்னும் சிறு நகரம். 1948-இல் அங்கே 5,209 பேரைப் பதிவுசெய்து தொடங்கிய ஆய்விலிருந்துதான் புகையும் இரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் அபாயக் காரணிகள் என்னும் பேச்சே பரவியது. அங்கிருந்து பிறந்த கணக்குகள், 2013-இன் கூட்டுச் சமன்பாடுகள், 2023-இன் பிரிவென்ட் என்று வரிசை நீள்கிறது.

பிரிவென்ட் 30 முதல் 79 வயது வரை பொருந்துகிறது. இனம் என்னும் கேள்வியை நீக்கிவிட்டு, சிறுநீரகச் செயல்திறனைச் சேர்த்துக்கொண்டது. மாரடைப்பு, பக்கவாதத்தோடு இதயச் செயலிழப்பையும் கணிக்கிறது. 59 வயது வரை உள்ளோருக்கு முப்பதாண்டு அபாயத்தையும் தருவதே நமக்கு உண்மையில் பயன்படும் பகுதி. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. பிற நாட்டினருக்கோ ஏறத்தாழ 59. பத்தாண்டுக் கணக்கில் வயதின் எடை மிகுதி என்பதால், 34 வயதில் புகைபிடித்துக்கொண்டிருப்பவருக்கு எந்தப் பத்தாண்டுக் கணக்கும் சிறிய எண்ணைத்தான் காட்டும். முப்பதாண்டுக் கணக்கைக் காட்டினால் அவர் முகம் மாறும்.

ஒரே ஆளுக்கு 2013-இன் கணக்கைவிடப் பிரிவென்ட் தரும் எண் சராசரியாக ஏறக்குறைய பாதியாக இருக்கும். இது ஆள் நலமடைந்துவிட்டதன் அடையாளம் அன்று, கருவி மாறியதன் விளைவு. ஸ்டாடினைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் சதவீதக் கோடுகளும் நாட்டுக்கு நாடு வேறு: அமெரிக்காவில் 2013-இன் கணக்கோடு வந்த கோடு 7.5, பிரிட்டனில் 10, உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியில் 20. ஒரு கருவியின் எண்ணை இன்னொரு கருவியின் கோட்டோடு ஒப்பிடுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. தொடக்கத்தில் சொன்ன 4-க்கும் 9-க்கும் இடையிலான சச்சரவும் பெரும்பாலும் இவ்வகையே.

இனக் கேள்வியை நீக்கியதால் தெற்காசியருக்கு உள்ள கூடுதல் அபாயமும் கணக்கிலிருந்து விடுபடுகிறது. அமெரிக்கர்களே 2018-இன் கொலஸ்ட்ரால் வழிகாட்டுதலில் தெற்காசிய மரபை 'அபாயத்தைக் கூட்டும் காரணி' என்று தனியே குறித்திருப்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

## இதயக் கால்சியம் ஸ்கேன்

மேற்கண்டவை யாவும் உங்களைப் போன்ற கூட்டத்தைப் பார்த்துச் சொல்பவை. இந்த ஸ்கேன் மட்டுமே உங்கள் இரத்தக்குழாயைப் பார்த்துச் சொல்கிறது. ஊசி மருந்து ஏதுமின்றிச் சில நிமிடங்களில் எடுக்கும் சி.டி. படத்தில், இதய இரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்பை எண்ணாக்குகிறார்கள். பூச்சியம் என்றால் அடுத்த பத்தாண்டுக்கு அபாயம் பெரும்பாலும் குறைவு. 100-ஐத் தாண்டினால் ஸ்டாடின் வேண்டுமா என்ற விவாதம் அநேகமாக முடிந்துவிடும்.

இது பளிச்சென்று உதவும் இடம் அபாயத்தின் நடுத்தட்டு. அட்டவணை மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் இடையே நிற்கிறது, தந்தைக்கு இளவயதில் மாரடைப்பு, மாத்திரை தொடங்க மனம் ஒப்பவில்லை: இப்படிப்பட்டவருக்கு ஸ்கேன் முடிவை இப்பக்கமோ அப்பக்கமோ நகர்த்தும். ஏற்கெனவே உயர் அபாயத்தில் இருப்பவருக்கோ பூச்சியம் வந்தாலும் மாத்திரை நிற்கப்போவதில்லை. அபாயமே இல்லாத இளைஞருக்கு என்ன வந்தாலும் பெரிதாக மாறப்போவதில்லை. இருவருக்கும் அது வீண்செலவு.

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம். கதிர்வீச்சு ஏறத்தாழ 1 மில்லிசீவர்ட், அது சிறிதுதான். ஆனால் இதயத்தைப் பார்க்க எடுத்த படத்தில் நுரையீரலில் ஒரு சிறு முடிச்சு தென்பட்டால், அது என்னவென்று அறிய இன்னொரு ஸ்கேன், ஆறு மாதம் கழித்து மற்றொன்று என்று தொடர் நீளும். சுண்ணாம்பு படியாத மென்மையான கொழுப்புப் படிவு இதில் தெரியாது. நாற்பதுக்குக் கீழே புகைபிடிப்பவரும் சர்க்கரை நோயாளியும் பூச்சியத்தைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. ஸ்டாடின் எடுப்பவருக்குப் படிவு இறுகுவதால் எண் ஏறவும் செய்யும். ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்து மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்ப்பது பொருளற்றது. பக்கவாதத்தைப் பற்றி இது சொல்வதும் குறைவே.

இதற்குச் செலவழிக்கும் முன், லிப்போபுரோட்டீன்-ஏ என்னும் இரத்தப் பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறை செய்துகொள்ளச் சொல்வேன். பெரிதும் மரபணுவால் தீர்மானிக்கப்படுவது என்பதால் மறுபடி மறுபடி பார்க்கத் தேவையில்லை. 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அபாயம் கூடுதல்.

## டிரெட்மில், ஈசிஜி, எக்கோ

செக்கப் தொகுப்புகளில் இவை முன்வரிசையில் இருந்தாலும், வருங்கால அபாயத்தை அளக்கும் வழிகள் அல்ல. டிரெட்மில் சோதனை, நடக்கும்போது இரத்த ஓட்டம் தடைபடும் அளவுக்குக் குழாய் சுருங்கியிருக்கிறதா என்பதைக் காட்டுவது. மாரடைப்போ அவ்வளவு சுருங்காத குழாயில் உள்ள படிவு திடீரென வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்தும் வரும். எனவேதான் 'டிரெட்மில் நார்மல்' என்று வந்த சில மாதங்களில் மாரடைப்பு வந்தவரைப் பற்றி ஊரில் கதைகள் உலவுகின்றன. சோதனை தவறவில்லை, கேட்ட கேள்விதான் தவறு. தொந்தரவே இல்லாத, அபாயம் குறைந்தவருக்கு, பெண்களுக்குக் குறிப்பாக, பொய்யாகப் 'பாசிட்டிவ்' வந்து ஆஞ்சியோகிராம் வரை இழுத்துச் செல்வதும் உண்டு. நடந்தால் நெஞ்சு இறுகுகிறது என்பவருக்கு மட்டும் இது பொருத்தமான சோதனை.

| வழி | வயது | கணிப்பது | பொருந்துபவர் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| அட்டவணை, இரத்தப் பரிசோதனை இன்றி | 40–74 | மாரடைப்பு, பக்கவாதம் | முகாம், முதல் சந்திப்பு | சர்க்கரை நோய் விடுபடுதல் |
| அட்டவணை, கொலஸ்ட்ராலோடு | 40–74 | மாரடைப்பு, பக்கவாதம் | இந்தியா, இலங்கையில் பெரும்பாலோர் | அலகு மாற்றம், தவறான வட்டாரத் தாள் |
| கியூரிஸ்க் 3 | 25–84 | மாரடைப்பு, பக்கவாதம் | பிரிட்டனில் வாழ்வோர் | பிற நாட்டில் எண் பொருந்தாமை |
| பிரிவென்ட் | 30–79 | இதயச் செயலிழப்பும் சேர்த்து | அமெரிக்காவில் வாழ்வோர், இளவயதினர் | தெற்காசியருக்குக் குறைத்துக் காட்டக்கூடும் |
| கால்சியம் ஸ்கேன் | 40-க்கு மேல் | பெரிதும் மாரடைப்பு | முடிவெடுக்க முடியாத நடுத்தட்டு | தொடர் ஸ்கேன்கள், பொய் நிம்மதி |

## பக்கவாதத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும் இடங்கள்

மேற்சொன்ன கணிப்பான்களில் பெரும்பாலானவை கேட்காமல் விடும் காரணம் ஒன்று நாடியில் தெரிகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும், இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நிலையில், அங்கே உறையும் இரத்தக் கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கும். நாடி தாறுமாறாக இருந்தால் உடனே ஈசிஜி எடுக்க வேண்டும். செக்கப்பில் அதிகம் உதவாத ஈசிஜி இங்கே இன்றியமையாதது.

அந்த நிலை உறுதியானவருக்குச் சாட்ஸ்-வாஸ்க் என்னும் மதிப்பெண் முறை உண்டு. 76 வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ள பெண்மணியை எடுத்துக்கொண்டால், 75-ஐக் கடந்ததற்கு 2, மற்ற இரண்டுக்கும் தலா 1, பெண் என்பதற்கு 1, ஆக மொத்தம் 5. ஐரோப்பிய வழிகாட்டுதல் 2024-இல் பாலின மதிப்பெண்ணை நீக்கியது, அதன்படி 4. இரு கணக்கிலும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை தேவை.

நம் நாட்டில் இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவருக்கு இந்த மதிப்பெண்ணைப் போடவே கூடாது. முப்பது வயதுப் பெண்ணுக்குக் கணக்கு ஏறக்குறைய பூச்சியத்தைக் காட்டும், உண்மை அபாயமோ மிக அதிகம். அவருக்கு நேரடியாக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் பழைய மாத்திரையான வார்ஃபரின்தான்; புதிய மாத்திரையைவிட அதுவே மேல் என்று 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது.

பக்கவாதத்தின் முன்னெச்சரிக்கையாகக் கை மரத்துப்போய் அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது என்பவருக்கும் ஒரு மதிப்பெண் முறை நெடுங்காலம் இருந்தது. அதைக் கொண்டு யாரை முதலில் பார்ப்பது என்று தீர்மானிக்க வேண்டாம் என்று பிரிட்டன் 2019-இல் கைவிட்டது. முழுப் பக்கவாதம் வரும் அபாயம் முதல் இரண்டு நாட்களில்தான் உச்சம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

## எவருக்கு எது

தமிழ்நாட்டில் வாழும், தொந்தரவு ஏதுமில்லாத 40 முதல் 74 வயதினர், சரியாக அளந்த இரத்த அழுத்தத்தோடு தெற்காசிய அட்டவணையின் முதல் வகையில் தொடங்கலாம். பச்சையாக இருந்து, சர்க்கரையும் குடும்ப வரலாறும் இல்லையென்றால், அடுத்த சில ஆண்டுகளுக்கு வேறெதற்கும் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. மஞ்சளோ அதற்கு மேலோ என்றால் கொலஸ்ட்ராலும் சர்க்கரையும் பார்த்து இரண்டாம் வகைக்குச் செல்லலாம். அதன் பிறகும் மாத்திரையைப் பற்றி முடிவுக்கு வர முடியாதவருக்கே கால்சியம் ஸ்கேன். அதுவும், எந்த எண் வந்தால் என்ன செய்வோம் என்று மருத்துவரோடு முன்கூட்டியே பேசிவைத்த பிறகு.

நாற்பதைத் தொடாதவருக்குப் பத்தாண்டுக் கணக்கைக் காட்டிப் பயனில்லை. பிரிவென்டின் முப்பதாண்டு எண்ணைத் தோராயமாகக் காட்டி, இரத்த அழுத்தத்தையும் புகையையும் கவனிப்பது போதும். எழுபத்தைந்தைக் கடந்தவருக்கு வயது ஒன்றே எந்தக் கோட்டையும் தாண்டவைத்துவிடும் என்பதால் சதவீதத்துக்கு அங்கே பொருளில்லை. அவருடைய நாடி ஒழுங்காக இருக்கிறதா, எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சரிந்து தள்ளாடுகிறாரா, ஏற்கெனவே எத்தனை மாத்திரைகளை விழுங்குகிறார், இன்னொன்றை அவர் விரும்புகிறாரா என்பவற்றையே முதலில் பார்க்க வேண்டும்.